முறுக்கு மாவு பிசையுற மெஷின் லோக்கல்லயே செய்யலாமா? மோட்டார், கியர், பிளேடு பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

காரைக்குடி பலகாரம்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல ஆத்தாவும் சின்னாத்தாவும் சேந்து தேன்குழல், கை முறுக்கு, சீப்பு சீடை, மனகோலம்னு ஆர்டருக்கு செஞ்சு குடுக்குறாங்க. கல்யாண சீசன்லயும் தீபாவளி நேரத்துலயும் ஆர்டர் நெறைய வருது, ஆனா மாவு பிசையுறதுதான் எல்லாத்தையும் இழுத்துப் பிடிக்குது, ரெண்டு பேருக்கும் தோள்பட்டை வலி வேற. அதான் ஒரு மெஷின் போட்டுரலாம்னு பாக்குறேன். கடையில கேட்டா எல்லாம் பரோட்டாக் கடைக்குப் போற கோதுமை மாவு மெஷினாத்தான் காட்டுறாங்க, வட்டமான சட்டி, நடுவுல வளைஞ்ச கொக்கி. இங்க ஒரு லேத் பட்டறையில கேட்டதுக்கு 1 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார், பெல்ட், 25 எம்எம் ஷாஃப்ட் போட்டு ஒரு ஈடுக்கு 10 கிலோ அரிசி மாவு பிசையுற மாதிரி செஞ்சு தரேன்னு சொல்றாரு. 1 ஹெச்பி பத்துமா, எத்தன ஆர்பிஎம் வேணும், பிளேடு எப்படி இருக்கணும், கியர் பாக்ஸ் அவசியமா? எனக்கு மெக்கானிக்கல் சுத்தமா தெரியாது, கொஞ்சம் புரியுற மாதிரி சொல்லுங்க.

சும்மா வந்தவன்:
எதுக்கு தம்பி இவ்வளவு மெனக்கெடுறீங்க, பழைய பரோட்டா மாவு மெஷின் செகண்ட் ஹேண்ட்ல கெடைக்கும், வாங்கிப் போடுங்க. மாவுன்னா மாவுதானே.

பட்டறை அண்ணே:
மேல சொன்னதக் கேக்காதீங்க தம்பி. கோதுமை மாவு ஜவ்வு மாதிரி இழுக்கும், கொக்கி அத இழுத்து மடிச்சு இழுத்து மடிச்சு வேலை செய்யும். அரிசி மாவுல அந்த இழுவையே கெடையாது, கொக்கி பூந்த எடத்துல ஓட்டை விழும், ஓரத்துல காஞ்ச மாவு அப்படியே நிக்கும், அப்புறம் கைய விட்டுத்தான் தள்ளணும். உங்களுக்கு வேண்டியது படுக்க வச்ச தொட்டி, கீழ யூ ஷேப், நடுவுல படுக்கையா ஒரு ஷாஃப்ட், அதுல துடுப்பு துடுப்பா பிளேடு. துடுப்ப ஷாஃப்டுக்கு 45 டிகிரி சாய்ச்சு வைக்கணும், இடது பாதியில ஒரு பக்கம் சாய்வு, வலது பாதியில எதிர்ப்பக்கம், அப்பத்தான் ரெண்டு பக்கத்து மாவும் நடுவுக்கு வந்து ஒண்ணையொண்ணு அமுக்கும். எல்லாத்தையும் ஒரே பக்கம் சாய்ச்சா மாவு பூரா ஒரு ஓரத்துல போயி அடைச்சுக்கும். தொட்டிக்கும் துடுப்பு நுனிக்கும் 3 எம்எம்ல இருந்து 5 எம்எம் வரைக்கும் கேப் இருக்கட்டும். தொட்டி வளைக்கிறப்போ ரவுண்டு சரியா வரலேன்னா ஒரு எடத்துல உரசும், ஒரு எடத்துல 10 எம்எம் கேப் விழுந்து அங்க மாவு ஒட்டிக்கிட்டு கிடக்கும், அதனால தொட்டி வளைக்க ரோலிங் மெஷின் இருக்குற எடத்துலதான் குடுக்கணும், சுத்தியலால தட்டி வளைக்கிறது வேணாம்.

இன்னொண்ணு, ஒத்த ஷாஃப்ட்டுல ஒரு வியாதி உண்டு, மாவு கெட்டியாகும்போது மொத்தமா உருண்டு ஷாஃப்டக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ராட்டினம் சுத்துறாப்புல சுத்தும், பிசையாது. தொட்டி செவுத்துல துடுப்புக்கு இடையில வர்ற மாதிரி ரெண்டு மூணு கம்பிய நிலையா வெல்ட் பண்ணிட்டா அதுல மோதி உடையும். காசு இருந்தா ரெண்டு ஷாஃப்ட் போட்டு இசட் ஷேப் பிளேடு வைக்கலாம், சிக்மா பிளேடும்பாங்க, ஒண்ணுக்கொண்ணு எதிரா வேற வேற வேகத்துல சுத்தும், உருண்டுக்கிற பிரச்சனையே வராது. ஆனா அந்த பிளேடு செய்யுறது லேசுப்பட்ட வேலை இல்ல, உங்க அளவுக்குத் தேவையும் இல்ல.

டிசைன் வாத்தியார்:
பட்டறை அண்ணன் சொன்னது சரி. கோதுமையில தண்ணி பட்டதும் புரதம் சேந்து க்ளூட்டன் வலை உருவாகும், அத வளக்கத்தான் ரொம்ப நேரம் பிசையுறோம். அரிசியில க்ளூட்டன் கெடையாது, அதனால நமக்கு வேண்டியது ரெண்டே வேலை: வெண்ணெயும் தண்ணியும் எல்லா எடத்துக்கும் ஒரே மாதிரி போகணும், அப்புறம் அமுங்கி ஒண்ணா சேரணும். வேகம் தேவையில்ல, முறுக்கு விசைதான் வேணும், டார்க்னு சொல்றோமே அது.

கணக்கு போட்டுப் பாப்போம். 1 ஹெச்பின்னா 746 வாட், 4 போல் மோட்டார் லோடுல 1440 ஆர்பிஎம் பக்கம் ஓடும். டார்க் = 9550 × கிலோவாட் ÷ ஆர்பிஎம். போட்டா மோட்டார் ஷாஃப்டுல வெறும் 5 நியூட்டன் மீட்டர்தான், அத வச்சு ஒண்ணும் பிசைய முடியாது. 40க்கு 1 குறைச்சா வேகம் 36 ஆர்பிஎம், வார்ம் கியர்ல (திருகு மாதிரி ஒரு தண்டு பல்சக்கரத்த சுத்துற கியர்) போற நட்டத்துக்கு எஃபிஷியன்சி 70 சதவீதம்னு வச்சா 138 நியூட்டன் மீட்டர் கெடைக்கும். துடுப்பு நீளம் 145 எம்எம்னா நுனியில கிட்டத்தட்ட 97 கிலோ தள்ளு. 10 கிலோ மாவு ஈடுக்கு இது பத்தும். பெல்ட் மட்டும் வச்சு 40 மடங்கு குறைக்கணும்னா ரெண்டு மூணு ஸ்டேஜ் ஆகும், பெரிய புல்லி எல்லாம் மாட்டி மெஷின் ரூம் பூரா நிக்கும். அதனால கியர் பாக்ஸ் அவசியம்தான். ஆனா மோட்டார நேரா கியர் பாக்ஸோட கப்ளிங் பண்ணாதீங்க, நடுவுல 3 இஞ்ச் புல்லி, 6 இஞ்ச் புல்லி போட்டு வி பெல்ட்டுல பாதியாக்கிட்டு அப்புறம் 20க்கு 1 வார்ம் வைங்க. ரேஷியோ குறைய குறைய வார்ம் கியர்ல நட்டம் குறையும், அது ஒரு லாபம். எங்கயாவது கரண்டி விழுந்து இறுகிப் போச்சுன்னா பெல்ட் சறுக்கும், கியர் பல்லு தப்பிச்சிரும், அது ரெண்டாவது லாபம்.

25 எம்எம் ஷாஃப்ட் எனக்குப் பிடிக்கல. முறுக்குறதோட வளைக்கிற விசையும் சேத்துப் பாக்கணும், பேரிங்குக்குப் பேரிங் அரை மீட்டர்னு வச்சு அந்த 97 கிலோவும் நடுவுல விழுந்தா 25க்கு ஷாஃப்ட் உலோகத்துக்குள்ள 59 மெகாபாஸ்கல் அழுத்தம் வருது, கீவே (புல்லி, கியர் மாட்டுற கட்டைக்கான பள்ளம்) வெட்டின ஷாஃப்டுக்கு டிசைன் புக்குல 40 பக்கம்தான் விடுவோம். 35 எம்எம் போட்டா 22தான் வருது. ஷாஃப்ட் பலம் விட்டத்தோட கனத்துல (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏறுறதால 10 எம்எம் கூட்டினதுக்கே இவ்வளவு வித்தியாசம். 35க்கு யுசிஎஃப் 207 பேரிங் ரெண்டு வாங்கிக்கங்க, எல்லா ஊர்லயும் கெடைக்கும்.

கோட்டையூர் ஆச்சி:
கணக்கெல்லாம் நல்லா இருக்குப்பா, ஆனா யாருமே அடுப்பப் பத்திக் கேக்கலையே. தம்பி, உங்க வீட்டுல எத்தன வாணலி ஓடுது? தேன்குழல் மாவு பிசைஞ்சு நேரமாச்சுன்னா எண்ணெயில போட்டதும் சிவந்துரும், மேல காஞ்சு போயி அச்சுல பிழிய வராது, பிழிஞ்சாலும் அந்து அந்து விழும். ஈரத்துணி போட்டு மூடுனாலும் ஓரளவுக்குத்தான். ஒரே நேரத்துல 10 கிலோ மாவ பிசைஞ்சு வச்சுட்டு ஒத்த வாணலியில பிழிஞ்சுக்கிட்டு இருந்தா கடைசி மாவு என்ன ஆகும்னு ஆத்தாவக் கேளுங்க, அவங்களே சொல்லுவாங்க. நாங்க பெரிய மெஷின் வேணாம்னு ஒரு ஈடுக்கு 5 கிலோ அளவுல வச்சிருக்கோம், அது காலியாகுறதுக்குள்ள அடுத்த ஈடு தயார்.

அப்புறம் வெண்ணெய முதல்ல போட்டு காஞ்ச மாவோட நல்லா பெரட்ட விடுங்க, அதுக்கப்புறம் உப்புத் தண்ணிய மெதுவா ஊத்தணும். மூடியில ஒரு ஓட்டை போட்டு மேல சின்ன குழாய் வச்ச பாத்திரம் வச்சுட்டா தன்னால சொட்டிக்கிட்டே இருக்கும், நம்ம கைய விட வேண்டியதில்ல. சீப்பு சீடைக்கு தேங்காப்பால் ஊத்துறோம் பாருங்க, அது மூலையில ஒட்டிக்கிட்டு நின்னா மறுநாள் புளிச்ச வாடை வரும். வெல்டிங் மூலையெல்லாம் வழவழன்னு உருட்டா இருக்கணும், துடுப்பக் கழட்டிக் கழுவுற மாதிரி இருக்கணும். அதிரசப் பாகு மட்டும் மெஷின்ல ஊத்திராதீங்க, பாகுப் பதம் பாத்துக் கிண்டுறதுக்கு கைதான்.

காரைக்குடி பலகாரம்:
ஆச்சி, ஒத்த வாணலிதான், இன்னொண்ணு போடலாம்னு யோசனை இருக்கு. ஆத்தாகிட்ட கேட்டேன், நீங்க சொன்னதையே சொன்னாங்க, அதோட "அந்த ஆச்சிகிட்ட மெஷின் செய்யச் சொல்லு"ன்னு வேற சிரிக்கிறாங்க. அப்ப 5 கிலோவுக்குன்னா எல்லாம் பாதியாக்கிரலாமா?

டிசைன் வாத்தியார்:
ஆச்சி சொன்னதுதான் சரியான ஆரம்பம், மெஷினோட அளவ அடுப்புதான் முடிவு பண்ணணும். 5 கிலோ மாவு, தண்ணி, வெண்ணெய் எல்லாம் சேந்து 8 கிலோ, ஏறக்குறைய 7 லிட்டர் வரும். தொட்டி உள் விட்டம் 240 எம்எம், நீளம் 320 எம்எம் வச்சா ஷாஃப்ட் மட்டம் வரைக்கும் 7 லிட்டர் கொள்ளும், அதுக்கு மேல செவுரு நேரா இன்னொரு 130 எம்எம் ஏறட்டும், துடுப்பு தூக்குற மாவு வெளிய விழாது. பாதி நிரம்புறதுதான் நல்ல அளவு. துடுப்பு பூரா மூழ்குற அளவுக்குப் போட்டா மேல இருக்குற மாவு பிசையாது, கம்மியா போட்டா துடுப்பு காத்துல சுத்தும்.

மோட்டார் அரை ஹெச்பி, அதே 40 ரேஷியோ, நுனியில 60 கிலோ தள்ளு இருக்கும். ஷாஃப்ட் மட்டும் பாதியாக்க வேணாம், 30க்குக் கீழ போகாதீங்க. கரண்ட் குறையுற ஊருன்னா முக்கால் ஹெச்பி போடுறது நல்லது, ஏன்னா இண்டக்ஷன் மோட்டார் டார்க் வோல்டேஜோட வர்க்கத்துல குறையும், 230 வர வேண்டிய எடத்துல 180 வந்தா டார்க் 61 சதவீதம்தான் மிஞ்சும். சாயந்திரம் எல்லா வீட்டுலயும் ஏசி ஓடுற நேரத்துல மோட்டார் முனகுறது அதனாலதான். ரொம்ப நேரம் ஓட விடாதீங்க, கியர்ல போற நட்டம் போக மிச்ச மோட்டார் சக்தி பூரா மாவுல சூடாத்தான் போகும், அந்த 10 கிலோ ஈடுல 1 ஹெச்பி முழு லோடுல 10 நிமிஷம் ஓடினா மாவு 6 டிகிரி பக்கம் ஏறிரும், சித்திரை மாசத்துல வெண்ணெய் பிரிஞ்சு வந்துரும்.

பட்டறை அண்ணே:
ஸ்டீல் விஷயத்துல ஏமாறாதீங்க. எஸ்எஸ் 304ன்னு சொல்லி 202 தகடு போட்டுருவாங்க, காந்தத்த வச்சுப் பாத்தா ரெண்டும் ஒட்டாது, அதனால காந்த டெஸ்ட் இதுக்குப் பிரயோஜனமில்ல. 202ல நிக்கல் பாதி, அதுக்குப் பதிலா மாங்கனீஸ், உப்பு மாவுக்கு சீக்கிரம் புள்ளி புள்ளியா துரு கட்டும். தகடு கடையில சொட்டு மருந்து வச்சிருப்பாங்க, ஒரு சொட்டு விட்டா நிறம் மாறுறதுல தெரிஞ்சிரும், உங்க கண்ணு முன்னால விடச் சொல்லுங்க. 304லயே போட்டாலும் ராத்திரி பூரா உப்பு மாவு ஒட்டினபடி விட்டா கெடும், அன்னன்னைக்கு கழுவணும். காரைக்குடியில துருப்பிடிக்கிறதப் பத்தியும் ஆராய்ச்சி பண்ணுற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கு, நம்ம ஊர்ல போயி துருப்பிடிச்ச தொட்டியா.

ஷாஃப்ட் தொட்டிச் செவுத்த விட்டு வெளிய வர்ற எடத்துல பேரிங்க ஒட்டி வைக்காதீங்க. செவுத்துல ஒரு டெஃப்லான் சீல், அப்புறம் ஒரு இஞ்ச் இடைவெளி, அதுக்கப்புறம் பேரிங். சீல் தேஞ்சு மாவு கசிஞ்சா அந்த இடைவெளியில கீழ விழுந்துரும், கண்ணுக்குத் தெரியும், பேரிங் கிரீஸும் மாவுக்குள்ள போகாது.

ஒயர்மேன்:
60 கிலோ தள்ளுன்னு சாதாரணமா சொல்லிட்டுப் போறீங்க, அதுக்குள்ள விரல் போனா என்ன ஆகும்னு யோசிங்க, வார்ம் கியர் கையால பின்னால லேசுல திருப்பவும் வராது. மூடியில லிமிட் சுவிட்ச் கண்டிப்பா வைக்கணும், மூடி தெறந்தா மோட்டார் நிக்கணும். சுவிட்சு போர்டுல வெறும் சுவிட்ச் போட்டு ஓட்டாதீங்க, டிஓஎல் ஸ்டார்ட்டர் போடுங்க, கரண்ட் போயிட்டு வந்தா தன்னால ஓடாது, பச்சை பட்டன மறுபடி அமுக்கினாத்தான் ஓடும். கரண்ட் போன நேரத்துல தொட்டிக்குள்ள கைய விட்டு வழிக்கிறவங்கதான் நெறைய பேரு மாட்டுறது. பெல்டுக்கு கம்பி வலை கவர், எர்த்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைன கட் பண்ணுற சுவிட்ச்) மூணும் இல்லாம ஈர எடத்துல மெஷின் வைக்கவே கூடாது. சிங்கிள் ஃபேஸ்னா கெபாசிட்டர் ஸ்டார்ட் மோட்டார்னு கேட்டு வாங்குங்க, ஃபேன்ல வர்ற டைப் எடுக்கும்போது இழுக்காது. ரிவர்ஸ் வேணும்னு நெனச்சா த்ரீ ஃபேஸ் மோட்டாரும் விஎஃப்டியும் (மோட்டாரோட வேகத்தையும் திசையையும் மாத்துற பெட்டி) போடலாம், சிங்கிள் ஃபேஸ் லைன்லயே ஓடும், மோட்டார் ப்ளேட்ல 230 டெல்டா, 415 ஸ்டார்னு (மோட்டார் ஒயரக் கட்டுற ரெண்டு விதம்) போட்டிருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க.

காரைக்குடி பலகாரம்:
இவ்வளவு சொல்லுவீங்கன்னு எதிர்பாக்கல, எல்லாத்தையும் எழுதி எடுத்துக்கிட்டு பட்டறைக்குப் போறேன். கடைசியா ஒண்ணு, பிசைஞ்ச மாவ எப்படி வெளிய எடுக்குறது, தொட்டிக்குக் கீழ கதவு வைக்கலாமா?

பட்டறை அண்ணே:
கதவு வேணாம் தம்பி, கதவு சந்துல மாவு பூந்துக்கிட்டு கழுவ முடியாது, ஆச்சி திட்டுவாங்க. தொட்டிய முன்பக்கம் கவுக்குற மாதிரி செய்யுங்க. ஷாஃப்ட் மையத்தையே கவுக்குற மையமா வச்சா மோட்டார் கியர் எல்லாம் அசையாம நிக்கும், தொட்டி மட்டும் திரும்பும். அந்த ஒரு இஞ்ச் இடைவெளியிலயே தொட்டி செவுத்துல ஒரு குழாய்த்துண்டு வெல்ட் பண்ணி அத ஃப்ரேம்ல ஒரு புஷ்ல உக்கார வச்சிரலாம், அடிப்பக்கம் மட்டும் வெட்டி விட்டா கசியுறது கீழ விழுந்துரும். ஒரு பக்கம் பூட்டு பின் போட்டுக்கங்க, ஓடும்போது தொட்டி தானா கவுந்துரக் கூடாது. கவுக்குறதுக்கு முன்னால மெயின ஆஃப் பண்ணிரணும்.