ஏலத்தில் தோற்ற வாட்ச் வாட்ஸ்அப்பில் தேடி வருகிறது. பணம் அனுப்பலாமா?

கார்த்தி_அல்சூர் (இரவு 9:50)

வணக்கம். கொஞ்சம் அவசரம். காலைக்குள் பதில் சொல்லச் சொல்கிறார் விற்பவர்.

தை மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். முதல் சம்பளத்தில் வாங்கிய எச்எம்டி பைலட் வாட்சை சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் தொலைத்த கதையை வருடத்துக்கு நான்கு முறையாவது சொல்லிவிடுவார். அதே கறுப்பு டயல் பைலட் ஓர் ஏலத் தளத்தில் வந்தது. விற்பவர் மும்பைக்காரர். என் உச்சத் தொகையாக 6,200 போட்டுவிட்டுக் காத்திருந்தேன். கடைசி பத்து வினாடியில் யாரோ வந்து 6,300க்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்று மாலை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. எடுத்தவர் பணம் கட்டவில்லையாம். நான் கேட்ட 6,200க்கே தருகிறாராம். தளம் வழியாகப் போனால் கமிஷன் போகும், நேராக யுபிஐயில் அனுப்பினால் காலையிலேயே கூரியர் போட்டுவிடுவாராம். ஆதார் அட்டைப் படமும் அனுப்பியிருக்கிறார். வாட்ச் படங்கள் ஏலத்தில் இருந்த அதே படங்கள்தான். தொகையும் சரியாகச் சொல்கிறார். விற்பவரைத் தவிர வேறு யாருக்கு அது தெரியும்? அனுப்பிவிடலாமா?

கடிகாரப்பித்தன் (9:53)

அனுப்பாதீர்கள். சாப்பிட்டுவிட்டு வந்து விளக்கமாக எழுதுகிறேன், அதுவரை போனைத் தொடாதீர்கள்.

சலீம்_சிவாஜிநகர் (10:04)

தம்பி, அந்தத் தொகை ஊருக்கே தெரியும். நீங்கள் உச்சத் தொகையைப் போட்டதும் தளம் உங்களுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கேட்கிறது. எடுத்தவர் மனதில் எவ்வளவு வைத்திருந்தார் என்பது கடைசிவரை வெளியே வராது. தோற்றவரின் உச்சம்தான் முழுசாக வெளியே வந்துவிடும். ஏலம் 6,300ல் முடிந்தது, படி நூறு ரூபாய் என்றால் இரண்டாவது ஆள் 6,200 வரை வந்தார் என்று யாரும் சொல்லலாம். ஏல வரலாற்றைத் திறந்தால் அப்படியே இருக்கும். பெயர் மட்டும்தான் நட்சத்திரக் குறிகளுக்குள் ஒளிந்திருக்கும்.

ஆக, தொகை எப்படித் தெரிந்தது என்பதை விடுங்கள். உங்கள் போன் நம்பர் அவருக்கு எப்படிப் போனது? தளம் அதைக் கொடுக்காதே. இந்த ஏலத்தைப் பற்றி வேறு எங்காவது எழுதினீர்களா?

கார்த்தி_அல்சூர் (10:09)

ஐயோ. வாட்ச் சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் "6,200 போட்டும் நூறு ரூபாயில் கைநழுவிப் போச்சே" என்று புலம்பினேன். அதில் 400 பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

சலீம்_சிவாஜிநகர் (10:11)

கிடைத்துவிட்டது. நம்பர், தொகை, ஏமாற்றம் மூன்றையும் நீங்களே தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். படங்களை ஏலப் பக்கத்திலிருந்து யாரும் எடுக்கலாம்.

கார்த்தி_அல்சூர் (10:13)

ஆனால் ஆதார் அட்டை அனுப்பியிருக்கிறாரே அண்ணா? ஏமாற்றுபவர் தன் ஆதாரைத் தருவாரா?

சலீம்_சிவாஜிநகர் (10:16)

அது அவருடைய ஆதார் என்று யார் சொன்னது? ஜெராக்ஸ் கடை, ஓட்டல் வரவேற்பு மேசை, சிம் விற்பவர் என்று நம் ஆதார் நகல் சுற்றாத இடம் இல்லை. கேட்காமலே அடையாள அட்டை அனுப்புபவரிடம்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். ஒன்று செய்யுங்கள். அவர் கொடுத்த யுபிஐ முகவரியைச் செயலியில் போட்டுப் பாருங்கள். தொகை போடும் முன்பே கணக்கில் உள்ள பெயர் வரும். அதற்கு மேல் எதையும் அழுத்த வேண்டாம்.

கார்த்தி_அல்சூர் (10:20)

வேறு பெயர். கேட்டால் "மைத்துனர் கணக்கு" என்கிறார்.

கடிகாரப்பித்தன் (10:31)

மைத்துனர் வந்துவிட்டாரா! எல்லாக் கதையிலும் ஒரு மைத்துனர் இருப்பார்.

சரி, விளக்கமாகச் சொல்கிறேன். எடுத்தவர் பின்வாங்கினால் இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுக்கும் வழி பல ஏலத் தளங்களில் உண்மையாகவே இருக்கிறது. ஈபேயில் ஏலம் முடிந்து 60 நாட்கள் வரை விற்பவர் அப்படி ஒரு வாய்ப்பு அனுப்பலாம். ஆனால் அது தளத்துக்குள்ளேயே, உங்கள் கணக்கின் செய்திப் பெட்டியில் வரும். பணமும் தளம் வழியாகத்தான் போகும். வாட்ஸ்அப்பில் வந்தால் அது அந்த வாய்ப்பு இல்லை. மின்னஞ்சலில் வந்தாலும் அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களாகத் தளத்தைத் திறந்து உள்ளே பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தளத்துக்குள் முறையாகவே வந்தாலும் நான் ஒரு நிமிடம் யோசிப்பேன். சிலர் கூட்டாளியை விட்டு ஏலம் கேட்கவைத்து விலையை ஏற்றுவார்கள். தளங்கள் தடை செய்திருந்தும் நடக்கிறது. கூட்டாளி ஒரு படி கூடுதலாகக் கேட்டுத் தெரியாமல் ஜெயித்துவிட்டால், "எடுத்தவர் பணம் கட்டவில்லை" என்று உங்களிடம் வருவார்கள். வரலாற்றில் உங்களோடு மல்லுக்கட்டிய ஆள் இந்த ஒரு விற்பவரின் பொருள்களையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அப்படியென்றால், அந்த ஆள் இல்லாமல் இருந்திருந்தால் விலை எங்கே நின்றிருக்குமோ அதுதான் நியாயமான விலை.

ராஜேஷ்_எச்எஸ்ஆர் (10:40)

எல்லாவற்றையும் மோசடி என்று பயந்தால் எதுவும் வாங்க முடியாது. நான் மூன்று வாட்ச் தளத்துக்கு வெளியே வாங்கியிருக்கிறேன், மூன்றும் வந்தன. கமிஷன் உண்மையிலேயே அதிகம்தான்.

சலீம்_சிவாஜிநகர் (10:44)

மூன்றையும் கூரியரில் வாங்கினீர்களா, நேரில் பார்த்தா?

ராஜேஷ்_எச்எஸ்ஆர் (10:47)

இரண்டு நேரில், கப்பன் பார்க் மெட்ரோ வாசலில். மூன்றாமவர் என் அலுவலக நண்பரின் அண்ணன்.

சலீம்_சிவாஜிநகர் (10:49)

அப்படிச் சொல்லுங்கள். நீங்கள் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு பணம் கொடுத்தவர்.

மீனா_ஃபிரேசர்டவுன் (11:02)

கார்த்தி, நான் விற்கப் போய் மாட்டியவள். மாமனாரின் பழைய ரேடியோவை 8,500 ரூபாய்க்கு ஒரு தளத்தில் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் ஒருவர் அழைத்தார். ராணுவத்தில் இருக்கிறாராம், வேலை இடத்திலிருந்து வர முடியாதாம், பேரம்கூட இல்லை. பணம் அனுப்ப ஒரு கியூஆர் குறியீடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து யுபிஐ பின்னை, அதாவது ரகசிய எண்ணைப் போட்டால் உங்கள் கணக்கில் விழும் என்றார். சீருடைப் படம், அடையாள அட்டை எல்லாம் வந்தன. ஸ்கேன் செய்தேன், பின் போட்டேன், 8,500 என் கணக்கிலிருந்து போனது. "தவறாகிவிட்டது, திருப்பி அனுப்ப இன்னொரு குறியீடு" என்றபோதுதான் உறைத்தது.

பணம் வாங்குவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை. கொடுப்பதற்கு மட்டும்தான். தினமும் காய்கறிக்காரருக்கு ஸ்கேன் செய்து கொடுக்கிறேன், இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர் பேசிக்கொண்டே இருந்தார், யோசிக்க விடவில்லை.

கணவர் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்கச் சொன்னார். பரிவர்த்தனை எண், நேரம், போன கணக்கு எல்லாம் கேட்டார்கள். நாற்பது நிமிடத்துக்குள் அழைத்ததால் 5,000 எதிராளி கணக்கிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. மீதியை அவர் அதற்குள் எடுத்துவிட்டார். வங்கியில் போய் நின்றேன். ரிசர்வ் வங்கியின் 2017 விதிகள் நமக்குத் தெரியாமல் போன பணத்தைப் பற்றியவை, நீங்களே பின் போட்டு அனுப்பியதற்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள். கோபம் வந்தது, ஆனால் அவர்கள் சொன்னது சரிதான்.

இன்னும் அனுப்பவில்லைதானே? நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஜாலஹள்ளி_பெரியவர் (காலை 6:15)

தம்பி கார்த்தி, நான் எச்எம்டி வாட்ச் ஃபேக்டரியில் அசெம்பிளியில் இருந்து ஓய்வு பெற்றவன். பணத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த வாட்சின் படங்களை இங்கே போடுங்கள் பார்ப்போம்.

கார்த்தி_அல்சூர் (7:30)

போட்டிருக்கிறேன் ஐயா. மூன்று படம்தான் இருந்தது.

ஜாலஹள்ளி_பெரியவர் (7:58)

நல்லவேளை தோற்றீர்கள்.

1961ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து இங்கே பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தோம். 2016ல் வாட்ச் பிரிவை மூடுவதாக அரசு முடிவெடுத்த பிறகு பழைய வாட்சுகளுக்கு மவுசு ஏறியது. மவுசு ஏறினால் பெயிண்டும் ஏறும். செத்துப்போன வாட்சுகளின் டயலைச் சுரண்டி மறுபடி அச்சடித்து, கிடைத்த முள்ளை மாட்டி விற்கிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்கு "மும்பை ஸ்பெஷல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மும்பையில் நேர்மையாக விற்பவர்களுக்கு இது அநியாயம்தான்.

உங்கள் இரண்டாம் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். "17 ஜுவல்ஸ்" என்ற எழுத்தின் ஓரம் மையில் ஊறியதுபோல் இருக்கிறது. நிமிடக் கோடுகள் எண்களுக்கு நேராக இல்லை. முள்ளில் உள்ள, இருட்டில் ஒளிரும் பூச்சு பளிச்சென்று வெள்ளை, டயலில் உள்ளது பழுப்பு. இரண்டும் ஒரே வயதாக இருந்தால் ஒரே நிறத்துக்குத்தான் வந்திருக்கும். ஆரஞ்சு, கிளிப்பச்சை டயல் பைலட் பார்த்தால் பெரும்பாலும் மறுபூச்சுதான், ஓடிவிடுங்கள்.

மறுபூச்சு என்று சொல்லி 1,500க்கு விற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, நேரம் காட்டும். "அசல், பழமை மாறாதது" என்று 6,000க்கு விற்பதுதான் தப்பு. அடுத்த முறை ஏலம் முடியும் முன்பே தளத்தின் செய்திப் பெட்டியில் கேளுங்கள்: பின்மூடியைத் திறந்து உள்ளே ஒரு படம், இன்றைய தேதி எழுதிய தாளோடு ஒரு படம். கையில் வாட்ச் உள்ளவருக்கு இது ஐந்து நிமிட வேலை.

நேரம் கிடைத்தால் இங்கே ஜாலஹள்ளியில் எச்எம்டி அருங்காட்சியகம் இருக்கிறது. அசல் டயலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் உங்களை ஏமாற்றுவது கஷ்டம்.

கடிகாரப்பித்தன் (8:20)

ஐயா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றே ஒன்று. கார்த்தி, உங்கள் 6,200 எங்கிருந்து வந்தது? இதற்கு முன் முடிந்த ஏலங்களில் பைலட் என்ன விலைக்குப் போனது என்று பார்த்தீர்களா, அல்லது கோபத்தில் ஏற்றிக்கொண்டே போனீர்களா?

கார்த்தி_அல்சூர் (8:26)

முதலில் 3,500 என்று நினைத்தேன். அப்புறம் யாரோ மேலே மேலே போக, எனக்கும் வேகம் வந்துவிட்டது.

கடிகாரப்பித்தன் (8:35)

கோயில் ஏலத்தில் எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போவது இப்படித்தான். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கேட்டதும் கை தானாகத் தூக்கும். முடிந்த ஏலங்களின் விலையைப் பாருங்கள், தபால் செலவைச் சேருங்கள், இதற்கு மேல் ஒரு ரூபாய் என்றாலும் வேண்டாம் என்ற தொகையை ஒரே ஒருமுறை போட்டுவிட்டு வெளியே வாருங்கள். இந்த வகை ஏலத்தில் உண்மையான மதிப்பைக் கேட்பதே லாபம் என்று பொருளாதார அறிஞர் விக்ரி 1961லேயே எழுதிவைத்திருக்கிறார். நீங்கள் கட்டப்போவது உங்கள் உச்சத்தை அல்ல, இரண்டாமவருடையதுக்கு ஒரு படி மேலே.

கார்த்தி_அல்சூர் (மறுநாள் இரவு)

தகவலுக்கு: அந்த வாட்ஸ்அப் ஆளிடம், "சரி, இதே வாய்ப்பைத் தளத்தின் செய்திப் பெட்டியில் அனுப்புங்கள், உடனே கட்டிவிடுகிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் திட்டினார், அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். உண்மையான விற்பவருக்குத் தளத்தில் எழுதினேன். எடுத்தவர் அன்றே பணம் கட்டிவிட்டாராம், வாட்ச் கிளம்பிவிட்டதாம். குழு நிர்வாகியிடம் நம்பரைச் சொன்னேன். அந்த வாட்ஸ்அப் ஆளும் எங்கள் குழுவில்தான் இருந்திருக்கிறார்.

கார்த்தி_அல்சூர் (மூன்று வாரம் கழித்து)

பைலட் இன்னும் அமையவில்லை, ஆனால் எச்எம்டியிலேயே ஜனதா என்ற வாட்ச் ஒன்று எடுத்தேன். உச்சம் 2,800 போட்டேன், 2,150க்கு முடிந்தது. பணம் தளம் வழியாக. விற்பவர் உள்பக்கப் படம், தேதித் தாள் இரண்டும் கேட்டதும் அனுப்பினார். பார்சலின் முகவரிச் சீட்டிலிருந்து ஆரம்பித்து, வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்துக்கொண்டே பிரித்தேன். தங்கை சிரித்தாள். டயல் அசல் என்றுதான் நினைக்கிறேன், ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு குறை. சாவி கொடுத்தால் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் முந்துகிறது. திருப்பி அனுப்ப இன்னும் நான்கு நாள் அவகாசம் இருக்கிறது. அனுப்பிவிடவா?

ஜாலஹள்ளி_பெரியவர்

அவசரப்படாதீர்கள். டயல் அசல்தான். இவ்வளவு முந்தினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காந்தத்தை. உள்ளே ஹேர்ஸ்பிரிங் என்று முடிபோல் மெல்லிய சுருள்வில் இருக்கிறது, அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இப்படித்தான் ஓடும். ஒரு திசைகாட்டியை வாட்ச் பக்கத்தில் கொண்டுபோங்கள். முள் ஆடினால் அதுதான். எங்கே வைக்கிறீர்கள்?

கார்த்தி_அல்சூர்

புளூடூத் ஸ்பீக்கர் மேலே.

ஜாலஹள்ளி_பெரியவர்

முதலில் அங்கிருந்து எடுங்கள். காந்தம் இறக்கும் கருவி என் வீட்டில் இருக்கிறது, ஒரு நிமிட வேலை. ஞாயிறு காலை வாருங்கள், திருப்பி அனுப்பும் கெடு தாண்டாது. அப்பாவையும் அழைத்து வாருங்கள்.

கார்த்தி_அல்சூர்

அப்பாவுக்கு இன்னும் தெரியாது ஐயா.

ஜாலஹள்ளி_பெரியவர்

சரி, அப்படியென்றால் தனியாக வாருங்கள்.