ரேகை விழாதவர்களுக்காக மனு: நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் எப்படி எழுதுவது?

ஓவேலி லைன்வாசி:
தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள், செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள், வயதானவர்கள் என்று எங்கள் பக்கம் பலருக்கு ரேஷன் கடை மெஷினில் ரேகை விழுவதில்லை. "அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆதாரே வேண்டாம் என்று கிராம சபையில் தீர்மானம் போடலாம் என்கிறார்கள் இளைஞர்கள். இருக்கிற அரிசியும் போய்விடும் என்று பெரியவர்களுக்குப் பயம். சட்டப்படி எது நிற்கும்? யாரிடம் கொடுக்க வேண்டும்?

சங்க மனு எழுத்தர்:
முதலில் இடத்தைப் பாருங்கள். ஓவேலியும் தேவர்சோலையும் பேரூராட்சி, நெல்லியாளம் நகராட்சி. கிராம சபை ஊராட்சிகளில்தான் கூடும். உங்களுக்கு வழி, திங்கட்கிழமை ஊட்டியில் ஆட்சியர் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் நாள். இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாம் உங்களுக்கு இன்னும் பக்கம். நகல் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

"ஆதாரை ரத்து செய்" என்று எழுதினால் அந்த மேசையில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் 4:1 என்ற கணக்கில் ஆதார் சட்டத்தின் 7ஆம் பிரிவைச் செல்லும் என்றது. மானியத்துக்கு ஆதார் கேட்கலாம் என்பது அந்தப் பிரிவுதான். ஆனால் அதையே முழுதாகப் படியுங்கள். ரேகை போன்ற சரிபார்ப்பு, அல்லது ஆதார் எண் இருப்பதற்கான சான்று, எண்ணே இல்லாதவருக்கு விண்ணப்பித்த விவரமும் மாற்று அடையாளமும் என்று அது வழிகளை அடுக்குகிறது. ரேகை மட்டும்தான் என்று அதில் எங்கும் இல்லை. 2016 விதிகளுக்குப் பதிலாக 2021இல் வந்த ஆதார் சரிபார்ப்பு விதித்தொகுப்பு, ரேகை தோற்றால் மாற்று ஏற்பாடு வைத்திருப்பதைச் சேவை தரும் துறையின் கடமை ஆக்குகிறது. 2017 அக்டோபர் 24 தேதியிட்ட மத்திய உணவுத் துறைச் சுற்றறிக்கையையும் சேருங்கள்: ஆதார் இல்லை என்று ரேஷன் அட்டையை நீக்கக் கூடாது, ரேகை தோற்றால் விதிவிலக்குப் பதிவேட்டில் எழுதிப் பொருள் தர வேண்டும்.

மனுவில் மூன்று கோரிக்கை போதும். அந்த விதிவிலக்குப் பதிவேடு கடையில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். திருப்பி அனுப்பினால் காரணம் எழுதித் தர வேண்டும். படுக்கையில் இருப்பவர்களுக்கு, அவர்கள் சார்பில் ஒருவர் வாங்கிக்கொள்ளும் அங்கீகாரப் படிவத்தை அந்த முகாமிலேயே பெற்றுக்கொள்ள வேண்டும். முதியவர்களுக்கு வீட்டுக்கே பொருள் வரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில், 70 வயது தாண்டியவர்களுக்கு என்று தொடங்கியது. தகுதியுள்ளவர் பட்டியலைத் தனித்தாளில் இணையுங்கள்.

கோத்தகிரி வாசகி:
சங்கக்காரர் சொல்வது அரிசிக்குச் சரி. ஆனால் இளைஞர்களை அப்படி ஓரங்கட்டாதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது ஆதாரை எதிர்த்துப் போனவர்களால் வந்தது. 2018 தீர்ப்பில் தனித்து நின்ற நீதிபதி சந்திரசூட், மாநிலங்களவை தடுக்க முடியாத பண மசோதாவாக நிறைவேற்றியதால் சட்டமே செல்லாது என்றார். மறு ஆண்டு ஏப்ரலில் ஜமைக்கா உச்ச நீதிமன்றம் தன் நாட்டு அடையாளச் சட்டத்தைத் தூக்கியெறிந்தபோது அவருடைய மாறுபட்ட தீர்ப்பைத்தான் விரிவாக எடுத்தாண்டது. பிரிட்டன் 2006இல் கொண்டுவந்த அடையாள அட்டைச் சட்டத்தை 2010இல் தானே ரத்து செய்தது. ஆகவே எதிர்ப்பு வீண் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஊரில் இன்றே கேட்கக்கூடியதும் உண்டு. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை என்று அதே 2018 தீர்ப்பு சொல்கிறது. ஆதார் இல்லை என்று பழங்குடிக் குழந்தையைத் திருப்பினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சிறு வயதில் பதிவு செய்யப்பட்டவர், 18 வயது முடிந்து ஆறு மாதத்துக்குள் எண்ணை ரத்து செய்யக் கோரலாம். 2019 திருத்தம் தந்த உரிமை இது. எஸ்டேட் அலுவலகம் நகல் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள்.

மெஷின் மேசை:
ஒரு எச்சரிக்கை. தகவல் திருட்டுக்குப் பயந்து சிலர் கைரேகையைப் பூட்டி வைக்கச் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் பூட்டினால் ரேஷன் மெஷினிலும் ரேகை வேலை செய்யாது. திறக்க, பதிவான கைபேசிக்கு ஓடிபி வர வேண்டும். எஸ்டேட் லைன் வீடுகளில் பலருக்குப் பதிவான கைபேசி எண் எப்போதோ போய்விட்டது. அந்த எண்ணை ஆதார் மையத்துக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம்.

திரையில் வரும் பிழை எண்ணைக் குறியுங்கள். 300 என்றால் ரேகை பொருந்தவில்லை. 330 என்றால் பூட்டியிருக்கிறது. 811 என்றால் மையக் கணினியில் அவருடைய ரேகைப் பதிவே இல்லை. மூன்றுக்கும் தீர்வு வேறு. 300 வந்தால் வேறு விரல், பிறகு அட்டையில் பெயருள்ள வேறொருவர். காலைக் குளிரில் தோல் வறண்டிருக்கும், கொழுந்துக் கறையும் ஒட்டியிருக்கும். வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வைக்கவும். மெஷின் கண்ணாடியையும் உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

அப்படியும் விழாவிட்டால் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கலாம். ஆனால் கவ்வாத்து நடக்கும்போது போகாதீர்கள், தேய்ந்த ரேகைதான் பதிவாகும். வேலை குறைந்த வாரத்தில் கை ஆறிய பின் போனால் நல்லது.

2018இல் ஆதார் ஆணையமே நீதிமன்றத்தில் கொடுத்த கணக்கில் அரசுச் சேவைகளில் சரிபார்ப்பு வெற்றி 88 சதவீதம். மனுவின் முதல் பத்தியில் அதைப் போடுங்கள். நூற்றுக்குப் பன்னிரண்டு தோற்கிறது, குறை உங்கள் விரலில் மட்டும் இல்லை என்பதற்கு அவர்கள் கணக்கே சாட்சி.

ஓவேலி லைன்வாசி:
நன்றி. பிழை எண்ணைக் கடைக்காரர் காட்ட மறுத்தால்?

சங்க மனு எழுத்தர்:
ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் எண்ணுக்கான சரிபார்ப்பு வரலாறு கிடைக்கும், ஆறு மாதம் வரை. அதற்கும் ஓடிபி வேண்டும். கைபேசி எண் பதிவில்லாதவர்கள் நாள், நேரம், கடை எண் மூன்றையும் எழுதி, வரிசையில் நின்ற இருவரின் கையெழுத்தோடு மனுவில் இணைத்தால் போதும்.