யாருக்காகப் படம் எடுக்கிறோம்?

மயிலை35:
ரெண்டு வருஷமாக ஞாயிறு விடியற்காலை நாலரைக்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விடுவேன். எடுத்ததில் ஒன்றைக்கூட எங்கும் போட்டதில்லை. எனக்குப் பார்ப்பதற்குத்தான் கேமரா. அது கையில் இல்லாவிட்டால், உடைத்த ஐஸ்மேல் விழும் டியூப்லைட் வெளிச்சம் என் கண்ணிலேயே படாது. விவியன் மையர் சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தபடியே லட்சம் படங்களுக்கு மேல் எடுத்தார். 2007-ல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்த பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. யாருக்கும் காட்டாமல் எடுப்பதில் என்ன குறை?

சீனிவாசபுரத்தான்:
குறை இருக்கு சார். எங்கம்மா பட்டினப்பாக்கத்துல மீன் வித்தவங்க, ஏலம் எடுக்கக் காசிமேடு வருவாங்க. வாராவாரம் யாராவது கேக்காமலே முகத்துக்கிட்ட கேமராவை நீட்டுவாங்க. ஒரு பிரிண்ட் கூட கைக்கு வந்ததில்ல. 2004 சுனாமியில வீட்டு ஆல்பம் போச்சு. போன வருஷம் அம்மா தவறினப்ப, வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிசாக்கித்தான் மாலை போட்டோம். கண்ணே தெரியல, வெறும் புள்ளி புள்ளியா இருக்கு.

மயிலை35:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் கேட்டுவிட்டு எடுத்தால் முந்தானையைச் சரிசெய்து விறைத்து நிற்கிறார்கள். நான் பார்த்த ஆள் அங்கே இல்லை.

சீனிவாசபுரத்தான்:
முந்தானையை இழுத்துவிட்டு நிமிர்ந்து நிக்கிறாங்களே, அதுதான் அவங்க படம். தன்னை அப்படித்தான் பாக்கணும்னு அவங்களுக்கு ஆசை. நீங்க பார்த்த ஆள் உங்களுக்கு, அவ்வளவுதான்.

36ஷாட்:
ஃபிலிம் காலத்திலிருந்து எடுக்கிறேன். ரோலுக்கு 36 தான், அதனால் யாருக்காக என்று யோசிக்காமல் கை அழுத்தாது. கேட்காமலும் எடுப்பேன், அடுத்த வாரமே பிரிண்ட் கொண்டுபோவேன். இறால் உரிக்கும் ஒரு அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, படத்தை ஓரத்தில் மட்டும் பிடித்து வாங்கினார். பாலிதீன் கவரில் சுற்றிச் சுருக்குப்பையில் வைத்தார். ஆனால் முன்கூட்டியே கேட்டே தீரவேண்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

சீனிவாசபுரத்தான்:
கேக்காம எடுக்கிறது தப்புதான், அதுல மாற்றமில்ல. இருந்தாலும் மயிலை சார், ரெண்டு வருஷம்னு சொன்னீங்களே? அம்மா போன வருஷம் தை மாசம் வரைக்கும் அங்க வந்தாங்க. இடது முன்கையில கோலம் பச்சை குத்தியிருப்பாங்க. இடுப்புல அலுமினிய அன்னக்கூடை.

மயிலை35:
ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டேன். எந்தப் பக்கம் நிற்பார் தம்பி? படகுப் பக்கமா, ஐஸ் வண்டிப் பக்கமா?