தினோஃபிலஸ் ஈக்குத் தமிழ்ப்பெயர், நாளைக் காலைக்குள்

ஆசிரியை, பினாங்கு:
வணக்கம். ஆண்டு 5 பிள்ளைகளைத் தெலுக் பஹாங் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். கையேட்டில் தினோஃபிலஸ் மட்டும் பெயரில்லாமல் நிற்கிறது. ஈரமணலில் விறுவிறுவென்று ஓடும், சடக்கென நிற்கும். நெருங்கினால் தாழப் பறந்து ஓரடி தள்ளி உட்காரும். குட்டிப் புழு பூச்சிகள்தாம் இரை. அது சேர்ந்த டோலிகோபோடிடே குடும்பத்துக்கு 'நெடுங்கால் ஈக்கள்' என்று போட்டுவிட்டேன். இந்தப் பேரினத்துக்கு 'மணலீ' சரியா? நாளைக் காலை அச்சுக்குப் போகிறது.

பட்டர்வொர்த் ஐயா:
மணலீ வேண்டாம் அம்மா, சென்னை மணலிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். 1844இல் பூச்சி ஆய்வாளர் வால்பெர்க் தினோஃபிலஸ் என்ற பெயரை வைத்தபோது எடுத்த கிரேக்கச் சொல்லுக்குக் கடற்கரை, மணற்குவியல் என இரு பொருளும் உண்டு. நெய்தல் பாட்டில் வரும் எக்கரும் அதுதானே, அலை கொழித்துக் குவித்த மணல்! வயிற்றை எக்குகிறோமே, அந்த 'எக்கு'தான் இதற்கும் வேர் என்பது என் துணிபு. ஆகவே 'எக்கரீ'.

கோலாலம்பூர் தம்பி:
எக்கரீ என்றால் பிள்ளைகள் 'எக்கறி? மீனா, கோழியா?' என்பார்கள் ஐயா. 'மணலோடி' போதாதா?

பட்டர்வொர்த் ஐயா:
கணினி மட்டும் முதல் நாளே புரிந்ததா தம்பி? பழகினால் வரும். மணலோடி என்றால் நண்டும் ஓடுகிறதே. 'நண்டும் தும்பியும் நான்கறிவினவே' என்று தொல்காப்பியம் இரண்டையும் ஒரே வரியில் வைத்தது சும்மாவா? அப்புறம், சங்கப் பாட்டில் ஈ என்றால் தேனீயும்தான். அதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

பாலிக் பூலாவ் அக்கா:
விரிக்கும் முன் ஒன்று. இந்தப் பேரினத்தில் பல இனங்கள் சேற்றிலும் அலையாத்தி வேர்களுக்கிடையிலும் வாழ்பவை. எங்கள் பக்கம் வந்தால் மணலைத் தேட வேண்டும், ஈயைத் தேட வேண்டாம். மணலும் எக்கரும் சேற்று ஈயை வெளியே தள்ளிவிடும். 'கரை நெடுங்கால் ஈ' என்று போடுங்கள். பெயரிலேயே குடும்பமும் தெரியும்.

கோலாலம்பூர் தம்பி:
நீளம்தான், ஆனால் புரிகிறது. சரி அக்கா.

ஆசிரியை, பினாங்கு:
நன்றி அக்கா. அதையே அனுப்பிவிட்டேன். படம் பெரிதாக இருப்பதால் ஐயாவின் சொல்லுக்கு இடமில்லை, மன்னிக்கவும்.

பட்டர்வொர்த் ஐயா:
கையேட்டுக்கு அது இருக்கட்டும். அகராதிக்கு எக்கரீதான். வேற்றுமை உருபு சேரும்போது அது எக்கரீயையா, எக்கரீயினையா என்று நாளை எழுதுகிறேன்.