பைக்கில் ஆக்ஸ் லைட், டூயல் ஹார்ன், யுஎஸ்பி சார்ஜர்: ரிலே, ஃபியூஸ், வயர் கணக்கு எப்படி?

கேள்வி:

150 சிசி எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) பைக், பேட்டரி 12 வோல்ட் 5 ஏஎச் (ஆம்பியர்-அவர்). 20 வாட் எல்இடி ஆக்ஸ் லைட் (கூடுதல் முன்விளக்கு) இரண்டு, டூயல் டிஸ்க் ஹார்ன், ஹேண்டில்பாரில் ஒரு யுஎஸ்பி சார்ஜர் போட வேண்டும். லைட்டோடு வந்த கிட்டில் ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை ஆன் செய்யும் சுவிட்ச்) இருக்கிறது, ஃபியூஸ் இல்லை. ஹார்னை மட்டும் பழைய கப்ளரிலேயே நேரடியாகச் சொருகிவிடலாம் என்கிறார்கள். சரியா? இவ்வளவும் போட்டால் பேட்டரி தாங்குமா?

பதில் 1:

பேட்டரியை விடுங்கள், முதலில் ஸ்டேட்டர் (இன்ஜினோடு சேர்ந்து கரண்ட் தயாரிக்கும் பாகம்) தாங்குமா என்று பாருங்கள். வண்டி ஓடும்போது எல்லாவற்றுக்கும் கரண்ட் அங்கிருந்துதான் வர வேண்டும். அது கொடுப்பதற்கு மேல் இழுத்தால் மிச்சத்தைப் பேட்டரி ஈடு கட்டும், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

எதையும் நிரந்தரமாக மாட்டும் முன் இந்த டெஸ்ட்டைச் செய்துவிடுங்கள். இன்ஜின் சூடானதும் மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்து, ஹை பீமும் பிரேக் லைட்டும் எரியவிட்டு, ஐடிலிலும் 4000 ஆர்பிஎம்மிலும் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆக்ஸ் லைட்டை ஃபியூஸ் வைத்த தற்காலிக வயரில் பேட்டரியோடு இணைத்து மறுபடி பாருங்கள். 4000-இல் 13.5-க்கு மேல் நின்றால் தாராளமாகப் போடலாம். ஐடிலில் 12.8-க்குக் கீழே போனால் அந்த நேரத்தில் பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 2 ஆம்ப் பற்றாக்குறை என்றாலே ஒரு மணி நேரத்தில் 5 ஏஎச்சில் 2 போய்விடும். அப்படியிருந்தால் நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஆக்ஸை அணைத்துவிட வேண்டும். எஃப்ஐ வண்டியில் பெட்ரோல் பம்புக்கும் இசியுவுக்கும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வோல்டேஜ் குறைந்தால் ஸ்டார்ட்டே ஆகாது.

ஃபியூஸ் இல்லாத கிட்டை அப்படியே மாட்டவே கூடாது. புது லைன் பேட்டரியிலிருந்து நேராக எடுப்பதால் வண்டியின் மெயின் ஃபியூஸ் அதைக் காப்பாற்றாது. ஃப்ரேமில் உரசி இன்சுலேஷன் தேய்ந்தால் பேட்டரியின் முழுக் கரண்டும் அந்த வயர் வழியாகத்தான் பாயும். ஃபியூஸ் ஹோல்டர் பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 செ.மீ.க்குள் இருக்கட்டும். அதற்கு முன்னால் உள்ள துண்டுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

லைட் இரண்டும் சேர்ந்து 40 வாட், அதாவது மூன்றேகால் ஆம்ப் சுமார். 5 ஆம்ப் ஃபியூஸ், 1.5 சதுர மி.மீ. வயர். டூயல் ஹார்ன் இரண்டும் சேர்ந்து 8 ஆம்ப் வரை இழுக்கும். 15 ஆம்ப் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. வயர். சார்ஜருக்கு 3 ஆம்ப் ஃபியூஸ், 0.75 வயர் போதும். மூன்றுக்கும் தனித்தனி ஃபியூஸ். ஒரே 20 ஆம்ப் ஃபியூஸில் எல்லாவற்றையும் மாட்டினால், சார்ஜரின் மெல்லிய வயர் ஷார்ட் ஆகி உருகினாலும் ஃபியூஸ் போகாமல் நிற்கலாம்.

எர்த்தை ஃப்ரேமின் பெயின்ட் மேல் திருகாதீர்கள். பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுவாருங்கள். வேலையைத் தொடங்கும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.

பதில் 2:

ஹார்ன் விஷயத்தில் அவர்கள் சொல்வது தவறு. வண்டியோடு வரும் ஸ்டாக் ஒற்றை ஹார்ன் 2, 3 ஆம்ப்தான் எடுக்கும். பட்டனின் கான்டாக்டும் மெல்லிய வயரும் அதற்கு ஏற்ற அளவு. 8 ஆம்ப் ஓடினால் கான்டாக்ட் பொறி பறந்து கருகும், ஹார்னுக்கு 10 வோல்ட்தான் போய்ச் சேரும், சத்தம் கம்மிப் போகும். ஹார்ன் மட்டம் என்று நினைத்து அதை மாற்றுவார்கள், குறை வயரில் இருக்கும்.

அதனால் ஹார்னுக்கும் ஒரு ரிலே போடுங்கள். ரிலேயின் முனைகளில் எண் போட்டிருக்கும்: 30 பேட்டரிக்கு (ஃபியூஸ் வழியாக), 87 ஹார்னின் பாசிட்டிவுக்கு. 85, 86 இரண்டும் காயில், அதாவது பட்டனின் சின்ன கரண்ட் ஓடி ரிலேயை ஆன் செய்யும் பக்கம். ரிலே, ஃபியூஸ் ஹோல்டர் இரண்டின் வாயும் கீழ்நோக்கி இருக்கட்டும், இல்லையென்றால் மழைநீர் உள்ளே தங்கிப் பச்சை பூக்கும்.

கேட்டவர்:

ரொம்ப நன்றி. ஹார்ன் கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தேன். சாவி போட்டதும் ஒரு வயரில் 12.4 வோல்ட், பட்டனைத் தொடாமலே. இன்னொன்றில் எதுவும் இல்லை, பட்டன் அழுத்தினாலும் வரவில்லை. 86-க்கு எதைக் கொடுப்பது? ஆக்ஸ் லைட்டின் ரிலேக்கு சிக்னல் எங்கிருந்து எடுப்பது?

பதில் 2:

உங்கள் வண்டியில் பட்டன் எர்த் பக்கம் இருக்கிறது. உறுதி செய்ய மீட்டரை கன்டினியூட்டிக்கு மாற்றி, வோல்ட் வராத வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வையுங்கள். பட்டன் அழுத்தும்போது மட்டும் பீப் அடிக்க வேண்டும்.

12.4 வந்த வயர் 86-க்கு, மற்றது 85-க்கு. அவ்வளவுதான். பல படங்களில் காட்டுவதுபோல 85-ஐ நேராக எர்த் செய்துவிட்டால் சாவி போட்ட நொடியிலிருந்து ஹார்ன் அலறும். பழைய கப்ளருக்குப் பொருந்தும் ஸ்பேட் டெர்மினல் போட்டால் ஒரிஜினல் வயரிங்கில் எதையும் வெட்ட வேண்டியதில்லை.

பதில் 3:

ஆக்ஸ் ரிலேக்கு பார்க்கிங் லைட் வயரிலிருந்து சிக்னல் எடுங்கள், நடுவில் ஒரு வாட்டர்ப்ரூஃப் சுவிட்ச். காயில் எடுப்பது 0.15 முதல் 0.2 ஆம்ப், அந்த லைன் தாங்கும். ஹெட்லைட்டிலிருந்து எடுக்கச் சொல்வார்கள், ஆனால் பழைய சின்ன வண்டிகள் சிலவற்றில் ஹெட்லைட் ஸ்டேட்டரிலிருந்து நேராக ஏசியில் எரியும். அதில் டிசி ரிலே டர்ரென்று அதிரும், நிற்காது. கேன் பஸ் (வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் வயரிங்) உள்ள வண்டியில் லைட் வயரில் கைவைத்தால் டாஷில் எரர் வரும்.

சார்ஜரின் பாசிட்டிவ் சாவியோடு வரும் லைனிலிருந்தே வரட்டும். சும்மா இருக்கும்போதும் 10 மில்லிஆம்ப் உறிஞ்சினால் ஒரு நாளைக்கு 0.24 ஏஎச். வண்டி மூன்று வாரம் நின்றால் உங்கள் 5 ஏஎச் பேட்டரி முழுதும் காலி.

வயர் சந்திப்புகளுக்கு கிரிம்ப்பும் (டெர்மினலை நசுக்கிப் பிடிக்க வைப்பது) ஹீட் ஷ்ரிங்க்கும் (சூட்டில் சுருங்கி மூடும் குழாய்). வயரை நறுக்கிக் கவ்வும் நீல கிளிப் வேண்டாம், இழைகள் அறுந்து அதிர்வில் ஒவ்வொன்றாக விட்டுப்போகும். வெறும் சால்டரும் பைக்குக்குச் சரிவராது. ஈயம் ஏறி விறைத்த இடத்துக்கு ஒட்டினாற்போல் வயர் ஒடியும்.

கட்டும் முன் ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஸ்டீயரிங் ஹெட் அருகே எந்த வயரும் இழுபடவோ நசுங்கவோ கூடாது. எக்ஸாஸ்ட் பைப்பிலிருந்து ஒரு கையளவாவது தள்ளி வரட்டும்.

எல்லாம் முடிந்து லைட் எரியும்போது பேட்டரி பாசிட்டிவுக்கும் லைட்டின் பாசிட்டிவுக்கும் இடையே மீட்டர் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ ஒரு கிரிம்ப் சரியாகப் பிடிக்கவில்லை.

ஆக்ஸை எய்ம் செய்யாமல் ரோட்டுக்கு எடுக்காதீர்கள், எதிரே வருபவருக்கு ஒரு நொடி கண் தெரியாமல் போனாலே ஆபத்து. சமதளத்தில் சுவரிலிருந்து 7, 8 மீட்டர் தள்ளி, நீங்கள் மேலே உட்கார்ந்த நிலையில், ஒளியின் மேல் விளிம்பு லைட் இருக்கும் உயரத்துக்குக் கீழேயே விழ வேண்டும். பின்னால் ஆள் ஏறினால் முன்பக்கம் தூக்கும், அதற்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் இறக்கி வைத்து நைலாக் நட் (அதிர்வில் கழலாத நட்) போட்டு இறுக்குங்கள்.