மனைவியும் மகளும் திரும்பி வருகிறார்கள். ஒரு வேலை தேவை

உறவுகளுக்கு வணக்கம். நான் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி, வயது 28. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில் மழை நாளில் வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. அப்படிச் சும்மா இருந்த நாள்களில் தொற்றிய குடி, மனைவியின் தாலிச் சங்கிலியை அடகுக்கடைக்குக் கொண்டுபோய், அவளையும் மகளையும் கருங்கலில் உள்ள அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

14446 என்ற இலவச உதவி எண்ணை அழைத்து, மருத்துவர் மேற்பார்வையில் குடியை நிறுத்தி ஏழு மாதங்கள் ஆகின்றன. சென்ற ஞாயிறு மாமியாரே அழைத்துச் சோறு போட்டார். மகள் என் சட்டையை முகர்ந்து, "ரப்பர் பால் வாசம்தான் அப்பா" என்றாள். எதற்காக முகர்ந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் இருவரும் வருகிறார்கள். மழைக்காலத்திலும் கூலி கிடைக்கும் வேலை மார்த்தாண்டம், தக்கலைப் பகுதிகளில் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். எந்த வேலையானாலும் செய்வேன். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் அருகில் எங்கே நடக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.