ஹீட்டருக்கு அடியில் ஒழுகிய தண்ணீர்: நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

லாஸ்பேட்டை, புதுச்சேரி

புதுச்சேரியில் குளத்துக்கு ஹீட்டர் எதற்கு என்று பலர் கேட்பார்கள். என் தங்கை இயன்முறை மருத்துவர். பக்கவாதம் வந்தவர்களுக்கும், கை கால் இறுகிப்போன குழந்தைகளுக்கும் தண்ணீருக்குள் நிறுத்திப் பயிற்சி கொடுக்கிறாள். அதற்குக் குளத்து நீர் 33 டிகிரிக்குக் குறையக் கூடாது. மார்கழியில் எங்கள் குளத்தை அப்படியே விட்டால் 25 டிகிரிக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீரில் இறக்கினால் பிள்ளைகளின் தசை இன்னும் இறுகும், அழுவார்கள். அதனால் குளத்து நீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் என்ற அந்த மிஷின் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. கணக்கு வழக்கும் மிஷின் பராமரிப்பும் என் பொறுப்பு.

குளம் சின்னதுதான். ஆறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், இடுப்பளவு ஆழம், சுமார் 20,000 லிட்டர். மிஷின் பின்பக்கச் சந்தில் சிமென்ட் மேடையில் இருக்கிறது.

போன டிசம்பரில் ஒரு காலை அந்த மேடை முழுக்கத் தண்ணீர். மிஷின் விற்ற இடத்திலிருந்து வந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "உள்ளே காயில் ஓட்டை, மாற்றுவதற்குப் பதில் புது மிஷினே வாங்கிடலாம்" என்றார். காயில் என்பது குளத்து நீருக்குச் சூடு ஏற்றும் சுருள் குழாய். அவர் சொன்ன தொகை எங்கள் மூன்று மாத வருமானம். தங்கை ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு ஏசியைப் பல வருடமாகப் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். போனில் விவரம் சொன்னேன். "சார், அதுவும் ஏசி மாதிரிதான். ஏசி வெளியே விடுற சூட்டை இது குளத்துக்குள்ள விடுது, அவ்வளவுதான். காற்றை இழுக்கிற பக்கம் குளிர்ந்துபோகும், நம்ம கடற்கரைக் காற்றுல ஈரம் ஜாஸ்தி, தண்ணி வடியாம எங்கே போகும்? கம்பிரசரை மட்டும் நிறுத்திட்டு குளத்துத் தண்ணியைச் சுத்தவிடுற மோட்டாரை ஓட விடுங்க. தரை காய்ஞ்சா அது காற்றுத் தண்ணி. காயலைன்னா குளத்துத் தண்ணி" என்றார்.

இங்கேதான் நாங்கள் தவறு செய்தோம். உதவிக்கு இருக்கும் பையன் கம்பிரசரை மட்டும் நிறுத்தாமல் மொத்தக் கரண்டையும் நிறுத்தும் மெயின் சுவிட்சையே (எம்சிபி) இறக்கிவிட்டான். மோட்டாரும் நின்று, குழாயில் அழுத்தமே இல்லாமல் போனது. தரை காய்ந்தது. அப்புறம் மேடையில் தேங்கியிருந்த நீரைக் கொஞ்சம் எடுத்து, குளோரின் பார்க்கும் ஓ.டி.ஓ. சொட்டு விட்டேன். குளத்து நீர் என்றால் மஞ்சளாக வேண்டும். நிறமே வரவில்லை. சரி, எல்லாம் காற்றுத் தண்ணீர்தான் என்று நிம்மதியாகி, மிஷினுக்குள் காற்றுத் தண்ணீர் வடியும் டிரேயில் ஒரு டியூப் மாட்டி வாழை மரத்துக்குத் திருப்பிவிட்டேன். அந்த டியூபில் மணிக்கு மூன்று லிட்டருக்கு மேல் வந்தது. ஈரக்காற்று இவ்வளவு தருமா என்று ஆச்சரியப்பட்டேன்.

ஆனால் மேடை ஈரம் முழுதாகப் போகவில்லை. குளத்து மட்டமும் இறங்கிக்கொண்டே இருந்தது. வெந்நீர்க் குளத்தில் ஆவியாகும் அளவு அதிகம், அதனால் கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாது. ஒரு பிளாஸ்டிக் வாளியில் குளத்து நீரை நிரப்பி, படிக்கட்டில் பாதி மூழ்கும்படி வைத்தேன். வாளிக்குள் நீர் மட்டத்துக்கு ஒரு கோடு, வெளியே குள மட்டத்துக்கு ஒரு கோடு. வாளியும் குளமும் ஒரே சூட்டில், ஒரே காற்றில் இருப்பதால் ஆவியாவது இரண்டிலும் சமம். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் குளம் வாளியைவிட 2 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கியிருந்தது. கேட்கச் சின்னதாக இருக்கும். எங்கள் 18 சதுர மீட்டர் பரப்புக்கு அது 36 லிட்டர். மோட்டார் ஓடுவது நாளுக்குப் பத்து மணி நேரம். அதாவது அழுத்தம் இருக்கும்போது மணிக்கு மூன்றரை லிட்டர், விடாமல் சொட்டும் ஒரு குழாய் அளவு.

அப்புறம் சோதனையை முறையாகச் செய்தேன். கம்பிரசர் நிறுத்தம், மோட்டார் ஓட்டம். மேடையைத் துணியால் ஒற்றி எடுத்து, பழைய செய்தித்தாள் விரித்தேன். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் டிஷ்யூ பேப்பர் சுற்றினேன். அரை மணியில் தெரிந்துவிட்டது. சூடான நீர் வெளியேறும் பக்கம், சுவரை ஒட்டிய யூனியனில் (கழற்றி மாட்டும் குழாய் இணைப்பு) சுற்றிய பேப்பர் மட்டும் நனைந்திருந்தது. அங்கிருந்து நீர் குழாயின் அடிப்பக்கமாகவே ஓடி, மிஷின் ஃபிரேமில் ஏறி, நடுவில் வந்து சொட்டியது. பார்ப்பவர் யாராக இருந்தாலும் உள்ளே காயில் ஒழுகுகிறது என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொட்டை நேராக ஒரு தம்ளரில் பிடித்து ஓ.டி.ஓ. விட்டேன். பளிச்சென்று மஞ்சள். முதலில் நிறம் வராததற்குக் காரணம், தரையில் கிடந்த நீரின் குளோரினை வெயில் தின்றுவிட்டது. தேங்கிய நீரைச் சோதிக்கவே கூடாது, சொட்டும்போதே பிடிக்க வேண்டும். குடிநீருக்கு வைத்திருக்கும், நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரையும் வைத்துப் பார்த்தேன். டிரே நீர் 40, யூனியன் நீர் 1,900. எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதனால் இந்த வித்தியாசம் ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது.

முதுநகர் மெக்கானிக் நேரில் வந்து கேஸ் அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. டைட்டானியம் காயிலில் ஓட்டை விழுந்திருந்தால் கேஸ் குறைந்திருக்கும், அல்லது நீர் உள்ளே ஏறிக் கம்பிரசரே போயிருக்கும் என்றார். மோட்டாரை நிறுத்தி, வால்வுகளை மூடி, யூனியனைக் கழற்றினார். உள்ளே ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உருண்டையாக இல்லாமல் பட்டையாக நசுங்கி, நகத்தால் கிள்ளினால் பொடியாக உதிர்ந்தது.

அதே அளவில் ஈபிடிஎம் ரப்பர் ஓ-ரிங் கொண்டுவந்திருந்தார். சிலிக்கான் கிரீஸ் தடவினார். நான் வாசலின் எடுத்துக் கொடுத்தபோது தடுத்துவிட்டார், பெட்ரோலியப் பொருள் பட்டால் அந்த ரப்பர் ஊதிவிடுமாம். கையால் முறுக்கியதோடு சரி, பைப் ரெஞ்ச் தொடவில்லை. ரெஞ்ச் போட்டால் பிளாஸ்டிக் நட்டு விரிசல் விடும். அந்தக் குழாய்க்கு ஒன்றரை மீட்டர் தூரம் தாங்கிப் பிடிக்கும் கிளாம்பே இல்லாததையும் அவர்தான் பார்த்தார். குழாயின் எடை முழுக்க யூனியனில் தொங்கியிருக்கிறது. இரண்டு கிளாம்ப் அடித்தோம். மொத்தச் செலவு, அவர் பஸ் கட்டணம் உட்பட, ஆயிரம் ரூபாய்க்குள்.

மறுநாள் வாளியும் குளமும் ஒரே மட்டம்.  காலை எட்டு மணிக்குக் குளம் 33 காட்டியது.

உங்களுக்கு இதுபோல் நடந்திருந்தால் எழுதுங்கள். ஓ-ரிங் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெட்டது என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

*

தேவனாம்பட்டினம், கடலூர்

அண்ணா, குளோரின் மாத்திரையை எங்கே போடுகிறீர்கள்? குளத்து நீரை மோட்டார் இழுக்கும் வாயில் குப்பை பிடிக்க வைக்கும் ஸ்கிம்மர் கூடையிலா? நான் ஒரு தங்கும் விடுதியில் குளம் பார்க்கிறேன். எங்களிடம் முன்பு இருந்தது செப்புக் காயில் ஹீட்டர். மாத்திரையை ஸ்கிம்மரில் போட்டு வந்தோம். அந்த டிரைக்ளோர் மாத்திரை கரைந்த நீரின் பி.எச். 3 அளவுக்கு இறங்கும், அவ்வளவு அமிலம். இரவில் மோட்டார் நின்றிருக்கும்போது அது கூடையிலேயே கரைந்து அடர்த்தியாக நிற்கும். காலையில் சுவிட்ச் போட்டதும் முதல் வாய் நீர் நேராக ஹீட்டருக்குள் போகும். இரண்டு சீசனில் காயில் அரித்துவிட்டது. அதற்கு முன்பே குளம் எங்களுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நீர் திரும்பி வரும் வாய்களைச் சுற்றி டைல்ஸில் பச்சைக் கறை. பாசி என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அது செம்பு.

உங்களுடையது டைட்டானியம் என்பதால் காயில் பிழைத்திருக்கும். ரப்பருக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை. இப்போது நாங்கள் மாத்திரையைக் கரைத்து நீரில் கலக்கும் குளோரினேட்டரை ஹீட்டருக்கு அப்புறம் வைத்து, இடையில் ஒரு செக் வால்வும் போட்டிருக்கிறோம், மோட்டார் நின்றால் பின்னோக்கி வராமல் இருக்க. பி.எச். 7.2க்குக் கீழே விடுவதில்லை.

*

ரெயின்போ நகர், புதுச்சேரி

எங்கள் அனுபவம் ஃபெஞ்சல் புயலோடு சேர்ந்தது. 2024 நவம்பர் 30 இரவு இந்தப் பகுதியில் தண்ணீர் எப்படி நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். ஹீட் பம்பின் அடிப்பாகம் மூழ்கியிருந்தது. ஒரு வாரம் கரண்ட் கொடுக்கவே இல்லை. எலெக்ட்ரீஷியன் வந்து ஈரம் காயவைத்து, எர்த் பார்த்து, கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மாட்டிய பிறகுதான் ஓட்டினோம். ஓட்டிய அன்றே உள்ளிருந்து தண்ணீர் கொட்டியது. காயில்தான் என்று பயந்தோம். பார்த்தால் டிரேயின் வடிகால் துளையை வெள்ளச் சேறு அடைத்திருந்தது. காற்றுத் தண்ணீர் போக வழியில்லாமல் டிரே நிரம்பி வழிந்திருக்கிறது. ஒரு கம்பி விட்டுக் குத்தியதும் சரியானது. குழந்தைகள் இறங்கும் குளம் என்கிறீர்கள், உங்கள் லைனில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

*

லாஸ்பேட்டை, புதுச்சேரி

தேவனாம்பட்டினத் தம்பிக்கு: ஸ்கிம்மர் கூடையில்தான் போட்டுக்கொண்டிருந்தோம். இன்று காலை மாத்திரைகளை எடுத்துவிட்டேன். குளோரினேட்டர் வரும்வரை மிதக்கும் டப்பாவில் போட்டு, பிள்ளைகள் இறங்கும் முன் அதை வெளியே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பி.எச். பார்த்தேன், 6.8. சோடா சாம்பல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வருகிறேன்.

ரெயின்போ நகர்க்காரருக்கு: ஆர்சிசிபி இருக்கிறது. டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், உடனே விழுந்தது.